வாத்து கத்தாத வாரம்

வீட்டுக்கார அத்தையின் தொலைக்காட்சியில் சாமி பாட்டுக்கு நடுவே வாத்து கத்தத் தொடங்கிய காலத்தில் நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கித் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் கடலூருக்கு வருவேன். முதுநகரில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அத்தை. அந்த வாத்து என் அம்மா.

இதை உடனே விளக்கிவிடுவதே நல்லது. அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். பிறருடைய தொலைபேசி ஏன் இயங்கவில்லை என்பதைப் பகல் முழுவதும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வது அவள் பணி. நாற்பது வயதைக் கடந்த பிறகு, உடன் வேலை செய்த ஒருவர் தேர்வு எழுதப் போகிறார் என்று கேள்விப்பட்டுத் தானும் எழுதி, ஹாம் ரேடியோ உரிமம் பெற்றாள். அந்த உரிமம் இருந்தால் வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு, அதே உரிமம் உள்ள பிறரோடு பேசலாம். பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, உரிமம் இல்லாதவரைப் பேசவிடக் கூடாது. வேறெந்த விதியையும் எங்கள் குடும்பத்தில் யாரும் இந்த அளவுக்கு மதித்ததில்லை. உப்புப் போட மறப்பாள். ஒலிவாங்கியை எடுத்தால் தன் நிலையத்தின் அடையாளக் குறியைச் சொல்ல மறக்க மாட்டாள்.

ஞாயிறுதோறும் விடிந்ததும் எங்கள் மாவட்டத்து ஹாம்கள் எண்பது மீட்டர் அலையில் கூடிப் பேசினார்கள். அந்த அலைக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் கடற்கரையிலிருந்து மாவட்டத்தின் மேற்குக் கோடியான திட்டக்குடி வரை தாராளமாகப் போகும். வெயில் ஏறிவிட்டால் பக்கத்து ஊருக்குப் போகவே முனகும். ஆகவே அந்தக் கூட்டம் காப்பிக்கும் இட்லிக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடந்து முடிந்துவிடும். அதை அவர்கள் ஞாயிறு வட்டம் என்றார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் வட்டத்தை நடத்துவார். அவர்தாம் மற்றவர்களை ஒவ்வொருவராக அழைப்பார், யார் எப்போது பேச வேண்டும் என்று சொல்வார், கேட்காதவருக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். எல்லாருக்கும் தெளிவாகக் கேட்பவர் மட்டுமே நடத்தலாம் என்பது வழக்கம். ஒருவருடைய முறை வந்து, அன்று அவருடைய ஒலி எட்டவில்லையென்றால், முறை அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு வட்டம் முழுவதும் சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அம்மாவின் முறை ஏற்கெனவே ஒரு முறை அப்படிப் போய்விட்டது. "மேடம், உங்க ஆண்டெனா மொதல்ல சரியாவட்டும்" என்றார் திட்டக்குடிக்காரர். அவர் ஒரு பல் மருத்துவர். மறுப்பதைக்கூட வலிக்காமல் சொல்வார். அம்மா "நன்றி, புரிந்தது" என்று தூய தமிழில் பதில் சொல்லிவிட்டு, கருவியை அணைத்து அதன் மேல் துணியைப் போட்டு மூடினாள். வட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். மீண்டும் அவள் முறை, தை பிறந்த பிறகு வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

ஆண்டெனாவைச் சரிசெய்வது எளிதன்று. அலை நீளமானால் கம்பியும் நீளமாக வேண்டும். எண்பது மீட்டருக்கு ஏற்ற கம்பியை இழுத்துக் கட்ட எங்கள் மாடி போதாது. ஆகவே மாடிச் சுவரிலிருந்து புறப்பட்டு, கொல்லையில் இருந்த வீட்டுக்கார அத்தையின் தென்னைமரத்தில் போய் முடியும்படி ஒரே கம்பியாகக் கட்டியிருந்தார் அப்பா. அவர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மீன்வலைக் கடை வைத்திருந்தார். கயிறு, மிதவை, கப்பி எதற்கும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. கம்பியின் நுனியை மரத்தில் படாமல் பிடித்திருந்ததும் ஒரு வலை மிதவைதான். புயல் அடித்தாலும் அவர் போட்ட முடிச்சு அவிழாது. ஆனால் முடிச்சுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அம்மா அவருக்கு அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஒலிபரப்புக் கருவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தனக்கு எதிரே மின்னோட்டத்துக்கு இவ்வளவு தடை இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். எங்கள் கம்பியின் தடையோ அதைப் போலப் பல மடங்கு. நேராக இணைத்தால் கருவி அனுப்பும் ஆற்றலில் பெரும்பகுதி கம்பிக்குள் போகாமல் திரும்பிவிடும். எனவே இரண்டுக்கும் நடுவில் ஒரு மின்மாற்றி வைப்பார்கள். கைக்குள் அடங்கும் ஒரு காந்த வளையம், அதைச் சுற்றிக் கொஞ்சம் செப்புக் கம்பி, அவ்வளவுதான். ஒரு பக்கத்துத் தடையை மறுபக்கத்துக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுவது அதன் வேலை. ஆற்றல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்ட ஒரு மீட்டரும் உண்டு. முள் 'ஒன்றுக்கு ஒன்று' என்ற கோட்டில் நின்றால் எதுவும் திரும்பவில்லை என்று பொருள். அம்மாவின் பழைய மின்மாற்றி தண்ணீர்க் குழாய்த் துண்டில் சுற்றியது. எண்பது மீட்டரில் அது ஏறக்குறைய உதவாது. முள் வலது கோடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். கம்பிக்குள் போகாத ஆற்றல் இணைப்பு வடத்தின் மேலேறி, சுவரிறங்கி, வீட்டுக்கார அத்தையின் தொலைக்காட்சிக்குள் நுழைந்து வாத்தாகக் கத்தியது. அம்மாவின் ஒலிபரப்பு முறையில் பேசினால், அதற்கென்று செய்யப்படாத பெட்டிகளில் மனிதக் குரல் அப்படித்தான் கேட்கும்.

நான் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோது அத்தை மாடியேறி வந்தார்.

"ஏம்மா டெலிபோனு, உன்னாண்ட ஒரு நாயம் கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"சாமி பாட்டு கேக்கறேன். முருகான்னு அவுரு வாயத் தொறக்கறாரு, குவாக் குவாக்குன்னு வருது. நேத்து சீரியல்ல மாமியார்க்காரி அழுவுறா, அவளுக்கும் அதே வாத்து. அவ அழுவுறாளா சிரிக்கிறாளான்னு எனக்குத் தெரியவேண்டாமா?"

"அக்கா, அது வந்து..."

"வாத்து போவணும். இல்லைன்னா கம்பி போவணும். மரம் என்னுது. அவ்ளோதான் சொல்லுவேன், தப்பா நெனச்சிக்காத."

இதைச் சொல்லிவிட்டு அம்மா போட்ட காப்பியைக் குடித்து, சர்க்கரை ஜாஸ்தி என்று ஒரு குறையும் சொல்லி, இறங்கிப் போனார். சண்டை போட்டவர்கள் போலவே இல்லை. ஆனால் மரம் அவருடையது என்பதில் எங்கள் மூவருக்கும் ஐயம் இல்லை.

அம்மா அன்றே வேலையைத் தொடங்கினாள். நல்ல காந்த வளையம் வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும்; விடுப்பு இல்லை. அலுவலகத்தில் பழுதாகிக் கழித்துப் போட்ட ஒரு கணினியின் மின்வழங்கிப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தாள். அதற்குள் அழகான மஞ்சள் வளையம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வாங்கிய செப்புக் கம்பியை அதில் நெருக்கமாகச் சுற்றினாள். அப்பா நைலான் நூலால் அதைக் கட்டினார். ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, கடற்காற்று புகாதபடி விளிம்பெல்லாம் அடைத்து, மாடிச் சுவரில் பழைய மின்மாற்றி இருந்த இடத்தில் மாட்டினார்கள்.

"பொண்ணு வீட்டுல இருக்கா. தை வேற பொறந்துடுச்சி. ஊரே பொருத்தம் பாக்குற நேரத்துல, இங்க கம்பிக்கும் பொட்டிக்கும் பாக்குறாங்க" என்றார் அப்பா.

"உங்க பொண்ணுக்குப் பாத்தா அவ ஒத்துக்க மாட்டா. இது ஒத்துக்கும், பாருங்க" என்றாள் அம்மா.

நான் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன்.

ஒத்துக்கொண்டது. அம்மா ஒலிவாங்கியை அழுத்திப் பேசினாள்; முள் ஒன்றுக்கு ஒன்று என்ற கோட்டை விட்டு நகரவில்லை. அலைவரிசையை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். முள் நின்ற இடத்திலேயே நின்றது. இப்படி ஒரு பொருத்தத்தை அவள் பார்த்ததே இல்லை. கீழேயிருந்து வீட்டுக்கார அத்தையின் குரல் வந்தது. "பேசறியாம்மா?" "பேசறேன்க்கா!" "ஒண்ணுமே வரலியே! பாட்டு சுத்தமா கேக்குது!" அன்று மாலை கேசரி செய்து, முதல் கிண்ணத்தைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள் அம்மா. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பொது நிம்மதி நிலவி நெடுநாளாகியிருந்தது.

விடுமுறை முடிந்து நான் சிதம்பரம் புறப்பட்டபோது அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவள் கையால் கட்டிய சிறு ரிசீவர் ஒன்று, பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. அதில் கேட்கலாம், பேச முடியாது. என்னிடம் உரிமமும் இல்லை. "தெனமும் காலையில ஆபீசுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்த பேசிப் பாப்பேன். அங்க எப்படிக் கேக்குதுன்னு சொல்லு" என்றாள். அடுத்த ஞாயிறுதான் அவளுடைய முறை.

விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட நெடுகக் கட்டிய இரும்புக் கம்பிகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் ரிசீவரை இணைத்தேன். ஆண்டெனா கட்ட அனுமதி கேட்டிருந்தால் விடுதிக் காப்பாளர் ஒரு வாரம் யோசித்திருப்பார். துணிக்கம்பிக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. என் அறைத் தோழி இயற்பியல் மாணவி இல்லை, வரலாறு படித்தாள். ஆனாலும் ஆர்வத்தோடு உடன் வந்தாள், கையில் ஈரத்துணி வாளியோடு. அவள் ஒரு சுடிதாரை உதறி அந்தக் கம்பியில் போட்டால் ஒலி குறைந்தது. எடுத்தால் கூடியது.

"உங்கம்மா கொரல கேக்கணும்னா நான் துணியே தொவைக்கக் கூடாதா?" என்றாள்.

"பக்கத்துக் கம்பியில போடேன்."

"அது சீனியர் அக்காங்க கம்பிடி. உங்கம்மா பேச்சு முக்கியமா, என் உயிர் முக்கியமா?"

முதல் நாள் காலையில் லால்பேட்டைக்காரரின் குரல் கேட்டது. அவர் வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வட்டத்தில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள். ஸலாம் சொல்லிவிட்டு, காலைப் பசியாறலுக்கு என்ன என்பதையும் சொல்லாமல் முடிக்க மாட்டார். திட்டக்குடிக்காரரின் குரலும் கேட்டது, தொலைவிலிருந்து, ஆனால் தெளிவாக. இருவரும் ஒருவரையொருவர் அழைத்துப் பேசி முடித்தார்கள். நடுவில் அம்மாவின் குரல் இல்லை. வெறும் இரைச்சல். நான் திருகிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அலைபேசியில் அழைத்தேன்.

"எப்பம்மா பேசுவ?"

"பேசி முடிச்சிட்டேனே. எப்படி இருந்துச்சி?"

"கேக்கலம்மா."

"எவ்ளோ சுமாரா?"

"சுமாரா இல்ல. இல்லவே இல்ல."

அம்மா, "ஒயர் சரியா மாட்டியிருக்க மாட்ட" என்றாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் தோழியிடம் துணிகளை அறைக்குள்ளேயே உலர்த்தச் சொல்லிவிட்டு, கம்பியைத் துருப்போகத் தேய்த்து இணைத்தேன். பாய் அன்று வெங்காய ஊத்தப்பம் என்றார். வெங்காயம் என்பதுவரை தெளிவாகக் கேட்டது. அம்மாவின் குரல் கேட்கவில்லை.

"மீட்டர் ஒண்ணுக்கு ஒண்ணு காட்டுதுடி. அத விட என்னா வேணும்? உன் பொட்டியிலதான் கோளாறு."

"பாய் கொரல் கேக்குதும்மா. திட்டக்குடி கேக்குது. அவ்ளோ தூரம் கேக்குற பொட்டிக்கு உன் கொரல் மட்டும் எப்படிக் கேக்காம போவும்?"

"பக்கத்துல இருந்தா சில நேரம் அப்படி ஆவும். அலை மேல ஏறி உன்னத் தாண்டிப் போயிடும்."

"திட்டக்குடிக்காரருக்கு உன் கொரல் கேட்டுச்சா?"

"அவுரு... நான் கூப்புட்டப்போ பதில் சொல்லல. வெளிய போயிருப்பாரு."

"போவலம்மா. அதே நேரத்துல பாய்கிட்ட பேசிக்கிட்டிருந்தாரு. நான் கேட்டேன்."

அம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டாள். எனக்கு வாக்குவாதம் வராது. வகுப்பிலும் நான் எழுதிக் கொடுப்பேனே தவிர எழுந்து பேச மாட்டேன். ஆனால் ஒரு பாடலுக்கு உரையாசிரியர் சொல்லும் பொருள் எல்லா இடத்திலும் தடையே இல்லாமல் பொருந்தினால், அவர் பாடலைப் படித்தாரா என்று எனக்கு ஐயம் வரும். எந்த அலைவரிசைக்கும் அசையாத அந்த முள்ளின் மேலும் எனக்கு அதே ஐயம் வந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் கடலூருக்குப் புறப்பட்டேன். புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டுதான் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா மாடியில் இருந்தார். வெள்ளிக்கிழமை காற்றில் தென்னை மட்டை விழுந்து ஆண்டெனாக் கம்பி தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டுவதற்காக சோப்பு டப்பாவிலிருந்து கம்பியைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தார். உள்ளே அறையில் அம்மா கருவியின் முன் உட்கார்ந்திருந்தாள். கட்டி முடித்தாயிற்று என்று நினைத்துவிட்டாள் போலும். ஒலிவாங்கியை அழுத்தி, தன் நிலையக் குறியைச் சொல்லி, சோதனை சோதனை என்று பேசினாள்.

"இன்னிக்கும் பாருங்க!" என்று சன்னல் வழியாகக் கத்தினாள். "ஒண்ணுக்கு ஒண்ணு! கல்லு மாதிரி நிக்குது! இவ என்னடான்னா கேக்கலங்கறா!"

"எது?" என்றார் அப்பா.

"மீட்டருதான்!"

"எப்படிடி நிக்கும்? கம்பி என் கையில இல்ல இருக்குது!"

அம்மா வெளியே வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். சுவரில் தனியே தொங்கிய சோப்பு டப்பாவைப் பார்த்தாள். உள்ளே போய் மறுபடி அழுத்திப் பார்த்தாள். கம்பியே இல்லாத இடத்திலும் முள் லேசாக அசைந்து, மீண்டும் கோட்டுக்கு வந்து உட்கார்ந்தது. ஆண்டெனா இல்லாமல் ஆண்டெனாவோடு பொருத்தம்.

சோப்பு டப்பாவை நான் தொட்டேன், சுட்டது. கத்தியால் அடைப்பைக் கீறித் திறந்தபோது கருகிய வார்னிஷ் வாடை வந்தது. டப்பாவின் அடிப்பக்கம் வளையத்தின் வடிவத்திலேயே உருகிக் குழிந்திருந்தது. அப்போது அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்களுக்கு அவளே விளக்கினாள். கணினிப் பெட்டியின் அந்த மஞ்சள் வளையம் இந்த வேலைக்கு ஆனதன்று. எண்பது மீட்டர் அலையை அது கடத்தவில்லை, தின்றது. வெளியிலிருந்து வந்ததையும் தின்றதால்தான் பாயும் திட்டக்குடிக்காரரும் பேசியது அவள் காதில் விழவில்லை. அனுப்பியதையெல்லாம் சூடாக்கித் தீர்த்துவிட்டதால் திரும்பி வர எதுவும் மிஞ்சவில்லை. திரும்பி வருவதை மட்டும் அளக்கத் தெரிந்த மீட்டர் அதைப் பொருத்தம் என்று சொன்னது. வெளியே எதுவும் போகாததால் வாத்தும் வாயை மூடிக்கொண்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒரு வாரமா சோப்பு டப்பாவுக்குப் பேசியிருக்கேன்" என்றாள். பிறகு, "நாளைக்கு முடியாது. பாய்கிட்ட போன் பண்ணி, அடுத்தவங்கள நடத்தச் சொல்லிடலாம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் தொலைபேசியை எடுக்க அவள் எழவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கேசரிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கார அத்தை வந்தார். கிண்ணம் நிறைய வடாம்.

"என்னாம்மா, மூஞ்சி செத்துப்போயிருக்குது? வாத்துதான் போயிடுச்சே. நிம்மதியா பேசு."

"அக்கா," என்றாள் அம்மா, "உங்க டிவியில வாத்து கத்தலன்னா நான் பேசறது எங்கயும் போவலன்னு அர்த்தம்க்கா."

அத்தை கிண்ணத்தை வைத்தார். "ஒரு வாரமாவா?"

"ஒரு வாரமா."

"அடக் கடவுளே. நான் வாத்தத்தாம்மா போவச் சொன்னேன். உன்ன எங்க போவச் சொன்னேன்?"

உண்மையான கலக்கம் அது. தான் கேட்ட அமைதி இப்படி வந்தது என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. என்ன வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். சரியான காந்தப் பொருள் வேண்டும், சென்னையில்தான் கிடைக்கும், போய்த் திரும்புவதற்குள் ராத்திரியாகிவிடும், பிறகு சுற்றி மாட்ட நேரம் இருக்காது என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, அத்தையை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, கேபிள் வர்றதுக்கு முன்னாடி உங்க மாடியில ஆண்டெனா இருந்துச்சில்ல? அதுலேருந்து வர்ற பட்டை ஒயரு, டிவிக்குப் பின்னாடி ஒரு குட்டி டப்பாவுல மாட்டுவாங்களே?"

"ஆமா. பரண்ல கெடக்குது. என்னாத்துக்கு?"

அந்தக் குட்டி டப்பாவும் ஒரு பொருத்தும் மின்மாற்றியே. கூரை ஆண்டெனாவைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒத்துப்போக வைப்பதற்காக அதற்குள் இரண்டு துளையுள்ள ஒரு சிறு காந்தத் துண்டு இருக்கும். மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான் என்றார் அப்பா; அது மிகை, புளியங்கொட்டை அளவு இருக்கும். ஒன்று போதாது. பலவற்றை இரண்டு வரிசையாக அடுக்கினால் போதும் என்றாள் அம்மா.

எங்கள் தெருவில் கேபிள் வந்தபோது எல்லாரும் கூரையிலிருந்து ஆண்டெனாவை இறக்கினார்கள். எவரும் எதையும் எறியவில்லை. அத்தை மதில் ஓரம் போய் நின்று குரல் கொடுத்தார். "ஏ தங்கம், உங்க பழைய ஆண்டெனா டப்பா இருக்குதா?" மதிலுக்கு அப்பாலிருந்து, "எதுக்குக்கா, கேபிள்காரன் கட் பண்ணிட்டானா?" என்று கேள்வி வந்தது. "டெலிபோனு நாளைக்கு ரேடியோல பேசப்போவுது, அதுக்கு!" அந்தச் செய்தி வீட்டுக்கு வீடு பெருத்துக்கொண்டே போயிருக்க வேண்டும். மதியத்துக்குள் எங்கள் மேசையில் ஒரு முறம் நிறையக் குட்டி டப்பாக்கள் சேர்ந்தன. ஒரு வீட்டார் ஆண்டெனாவையே முழுதாகத் தூக்கி வந்துவிட்டார்கள். அம்மா வானொலி நிலையத்தில் பாடப் போகிறாளா என்று இன்னொருவர் கேட்டார்.

உடைத்து எடுப்பது என் வேலை. அடுக்குவதும் சுற்றுவதும் அம்மா. துண்டுகள் பிரியாதபடி வரிசையாக வைத்து நைலான் நூலால் கட்டுவது அப்பா. கிழிந்த வலையின் கண்ணைச் சேர்க்கும் முடிச்சைப் போட்டார். நசுங்கவும் இல்லை, நெகிழவும் இல்லை. புதிய மின்மாற்றியைப் பழைய இடத்தில் மாட்டாமல், அத்தையின் தொலைக்காட்சி வடத்தை விட்டு விலக்கி, மாடியின் மறு மூலைக்குக் கொண்டுபோனாள் அம்மா. அங்கிருந்து எர்த்துக்காக ஒரு கம்பியைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் இறக்கிப் புதைத்தோம்.

அம்மா பேசிப் பார்த்தாள். முள் ஒன்றுக்கு ஒன்றில் நிற்கவில்லை. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஆடியது. அலைவரிசையை மாற்றினால் அதுவும் மாறியது. கீழேயிருந்து அத்தை கத்தினார்: "வாத்து வந்துடுச்சிம்மா! சின்ன வாத்து! குஞ்சு!" அவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு புகாரை நான் கேட்டதில்லை. "பாட்டு கேக்குதாக்கா?" "கேக்குது கேக்குது, நீ பேசு!"

எங்கேயாவது போய்ச் சேர்கிறதா என்பதுதான் தெரியவில்லை. வெயில் இருந்த நேரம். அழைத்தால் பதில் சொல்ல அலையில் ஒருவரும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் சிதம்பரத்துக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மொட்டைமாடி பனியில் நனைந்திருந்தது. தோழி தூக்கக் கலக்கத்தோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாளி கொண்டு வரவில்லை; அது அவளுடைய அன்பளிப்பு. ரிசீவரில் இரைச்சல். அதன் ஊடே பாயின் ஸலாம். திட்டக்குடிக்காரர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, "இன்னிக்கு வட்டத்த நடத்த வேண்டியவங்க கடலூர் மேடம். மேடம், இருக்கீங்களா?" என்று கேட்டு நிறுத்தினார்.

இரைச்சல். நான் திருகியைத் தொடவில்லை. தொட்டால் அவள் குரலைத் தவறவிட்டுவிடுவேன் என்று தோன்றியது.

பிறகு அம்மா பேசினாள்.

அவள் குரல்தான், ஆனால் வீட்டில் நான் கேட்டறியாத குரல். நிறுத்தி, சொற்களைப் பிரித்து, யாரும் அவசரப்படுத்த முடியாதபடி பேசினாள். நிலையக் குறியைச் சொன்னாள். வட்டத்தைத் தொடங்குவதாகச் சொன்னாள். முதலில் லால்பேட்டை. "தங்கச்சி, ரொம்பத் தெளிவு, மாஷா அல்லாஹ். இன்னிக்கு இடியாப்பம்" என்றார் பாய். அடுத்து மேல்பட்டாம்பாக்கம். அங்கிருந்தவர் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னார். அதற்குப் பின் திட்டக்குடி. சென்ற தடவை அம்மாவின் முறை கைவிட்டுப் போனது அங்கேதான். மருத்துவரின் பதில் வரச் சற்றுத் தாமதமானது. நடுவே ஒரு கரகரப்பு ஏறி இறங்கியது.

"மேடம், கொஞ்சம் மெல்லிசா இருக்குது" என்றார். "ஆனா ஒரு வார்த்தகூட விடல. நீங்களே நடத்துங்க."

"நன்றி, புரிந்தது" என்றாள் அம்மா. சென்ற முறை சொன்ன அதே சொற்கள்தாம். அவள் ஒலிவாங்கியை விடுவதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் உள்ளே வந்தது: "ஏம்மா, கேக்குதாமா அவுங்களுக்கு?"

பாய் உடனே பதில் சொன்னார். "கேக்குதுன்னு சொல்லுங்க தங்கச்சி. அது யாரு?"

"உரிமம் இல்லாதவர் பேசுவதற்கு அனுமதி இல்லை. குறுக்கீட்டுக்கு வருந்துகிறேன்" என்றாள் அம்மா, மிகக் கண்டிப்பாக. அந்தக் கண்டிப்புக்கு நடுவே அவள் சிரிப்பை அடக்கியது சிதம்பரம் வரை கேட்டது.

"இதாடி உங்கம்மா?" என்றாள் தோழி. "உனக்குக் கொஞ்சம் குடுத்திருக்கக் கூடாதா இந்தப் பேச்ச?"

அம்மா வட்டத்தின் கடைசிப் பெயரையும் அழைத்து முடித்தாள். வழக்கப்படி, பட்டியலில் இல்லாதவர்களுக்காக ஒரு முறை பொதுவாகக் கேட்டாள். "வேறு யாரேனும் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?" கேட்டுவிட்டு, விதிப்படி விட வேண்டிய இடைவெளியை விட்டாள். அதைவிடச் சற்று நீளமாகவே விட்டாள்.

"கேக்குதும்மா!" என்றேன்.

நான் கத்தியிருக்க வேண்டும். கீழே பல் விளக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயில் நுரையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். தோழி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் தோளைத் தட்டினாள். "அவுங்களுக்குக் கேக்காதுடி, லூசு. போன் பண்ணு."

அலைபேசியைக் கையில் எடுத்தேன். அதற்குள் அம்மா மறுபடி லால்பேட்டையை அழைத்துவிட்டாள். இரண்டாம் சுற்று தொடங்கியிருந்தது. நடுவில் மணி அடித்தால் வட்டம் முழுவதற்கும் அது கேட்கும், அம்மா திட்டுவாள். இட்லி ஆறினாலும் பரவாயில்லை என்று அங்கேயே உட்கார்ந்து, கடைசிவரை கேட்டேன்.